டிகியின் வாயை அண்ணை குடைந்த சனிக்கிழமை

அன்று தோட்டத்தில் நின்றவர்கள் இவர்கள்.

அண்ணை. கொட்டிலுக்கு முன்னால் முக்காலியில் இருந்தார். மடியில் இரும்பு வலை ஏப்ரன்.

மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி. கையில் மடித்த துவாய்த் துணிகள்.

பெறாமகள், அண்ணையின் ஒரே பிள்ளை. ஆஸ்பத்திரியில் தாதி. இறுக்கிக் கட்டுகிற பண்டேஜைப் பிரித்துத் தயாராக வைத்திருந்தார்.

யூர்கன், பக்கத்துத் தோட்டக்காரர். காரைப் படலை வாசலுக்கு நேரே திருப்பி விட்டு, திறப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

அக்கா, ரொறன்ரோவில் இருந்து. போனில். போனைப் பூச்சாடியில் சாத்தி வைத்திருந்தோம்.

நான். அண்ணையின் தம்பி. இரும்புக் கையுறையைக் கொண்டுவந்தவன்.

அண்ணையின் நினைவாக அச்சடிக்கிற இந்தக் கல்வெட்டுப் புத்தகத்தில் என்னை எழுதச் சொன்னது மச்சாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பேசுகிறதும் குறைவு. தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

அண்ணை பிறந்தது கரவெட்டியில். மூத்த பிள்ளை. அடுத்தது அக்கா. கடைசி நான். அப்பா நேரத்தோடு போய்விட்டார். அண்ணை பள்ளிக்கூடத்தை விட்டு லொறிக்கு மூட்டை ஏற்றப் போனார். எண்பதுகளில் ஜேர்மனிக்கு, ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். கிழக்கு பேர்லினால் மேற்குக்கு வந்து, முகாமில் இருந்து, பிறகு ஹனோவர். வேலை செய்ய விட்ட நாளில் இருந்து கோப்பை கழுவினார். அந்தக் கையால்தான் அக்காவைக் கனடாவில் கட்டிக் கொடுத்தார். என்னை இங்கே எடுத்தார். இறைச்சித் தொழிற்சாலையில் சேர்த்து விட்டார். இன்றும் அங்கேதான் நிற்கிறேன்.

செய்ததைச் சொல்லிக் காட்டுகிற பழக்கம் அண்ணைக்கு இல்லை. ஒருவர் வீட்டுக் கதையை இன்னொரு வீட்டுக்குக் கொண்டு போகவும் மாட்டார்.

அவர் கோப்பை கழுவிய இடம் ஒரு குடிசாலை. தென்கடல் தீவு மாதிரி மூங்கிலும் கயிறும் கட்டி அலங்கரித்திருந்தார்கள். வாசலில் ஆள் உயரத்தில் ஒரு மர உருவம். பெரிய வாய், பெரிய கண், கட்டைக் கால். பசிபிக் தீவுச் சனங்கள் செதுக்குகிறது. டிகி என்று பெயர். கடை பூட்டியபோது முதலாளி அதைக் குப்பையில் போட்டார். அண்ணை அதைத் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

மச்சாள் கதவைத் திறக்கவில்லை.

"இந்தப் பேயோட உள்ளுக்கு வராதையுங்கோ. பிள்ளை படுத்திருக்கிறா."

"பேயில்லையப்பா. மரம்."

"அப்ப மரத்தோட வெளியில நில்லுங்கோ."

அது அண்ணை வாடகைக்கு எடுத்திருந்த தோட்டத்துக்குப் போனது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அண்ணை வெட்டப் பழகினார். சொல்லிக் கொடுத்தவர் யாரும் இல்லை. முதலில் வெட்டியது டிகி மாதிரியும் இல்லை, உரல் மாதிரியும் இல்லை. யூர்கன் அதில் பியர் போத்தலை வைத்துக் குடித்தார்.

அண்ணையிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. அந்தத் தீவுக்காரர்களின் முகத்தை அவர் வெட்டமாட்டார். "அது அவையின்ர மூதாதையர். அவையைக் கேக்காமல் நான் ஆர் வெட்ட?" என்பார். உடம்பும் வாயும் டிகி மாதிரி வரும். முகம் எங்கள் ஆட்களுடையது. விற்கவும் மாட்டார். இதை வாசிக்கிற உங்களில் கனபேரின் வீட்டில் ஒன்று நிற்கிறது. அந்த மூக்கு யாருடையது என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். அண்ணை சிரித்துவிட்டுப் போயிருப்பார். உங்களுடையதுதான்.

புயலில் விழுந்த மரத்தை யூர்கன் இழுத்து வருவார். அண்ணை அதன் வெட்டிய முனைகளுக்கு மெழுகு பூசி நிழலில் கிடத்துவார். சோக்கால் கோடு போட்டு, நெற்றி, மூக்கு, கண் என்று இறங்குவார். வாய் கடைசி. வெட்டி முடிந்ததும் காஸ் சுவாலையால் முழுக்கக் கருக்குவார். இவ்வளவு நாள் வேலையும் போச்சு என்று நினைப்போம். கம்பித் தூரிகையால் தேய்க்க, மரத்தின் வரிகள் எழும்பி வரும். ஆளிவிதை எண்ணெய் பூசினால் தேன் நிறம். அந்த நேரம் அண்ணையோடு பேசக் கூடாது. பேசினாலும் கேட்காது.

பிறகு நெஞ்சு வருத்தம் வந்தது. இருதயத்தில் வால்வு மாற்றினார்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை கொடுத்தார்கள். வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும். டொக்டர் எங்களை இருத்திச் சொன்னார். சின்ன வெட்டு என்றாலும் இரத்தம் இலேசில் நிற்காது. கத்தி, உளி வேண்டாம்.

அண்ணை தலையை ஆட்டினார். மச்சாள் அன்றே உளிகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். திறப்பு அவரின் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது.

ஆனால் ஒரு டிகி பாதியில் நின்றது. லிண்டன் மரம். இடுப்பளவு உயரம். ஆஸ்பத்திரிக்குப் போக முதல் தொடங்கியது. கண் முடிந்துவிட்டது. வாய் அரைவாசி. பல்லுக்குப் பின்னால் குடைய வேண்டும். குடையாமல் விட்டால் உள் மரம் காயாது, வெளி மரம் காய்ந்து இழுக்கும். அப்போது வெடிக்கும். வாயின் கோடியில் ஒரு மயிர் அளவு வெடிப்பு ஏற்கெனவே வந்திருந்தது. அண்ணை கிழமைக்கு ஒரு தரம் தோட்டத்துக்குப் போய் அதில் விரல் வைத்துப் பார்ப்பார்.

நான் செய்கிறேன் என்று கேட்டேன். ஒரு கழிவுத் துண்டில் வெட்டிக் காட்டச் சொன்னார். வெட்டினேன். பல் தெறித்துப் போனது.

"நீ மாடு வெட்டு" என்றார்.

யூர்கனும் தான் செய்கிறேன் என்று கேட்டார். "நீர் தலையையே எடுத்துப் போடுவீர்" என்று அண்ணை டொச் மொழியில் சொன்னார். யூர்கன் கோபிக்கவில்லை. உண்மை என்றார்.

ஒரு நாள் மச்சாள் கடைக்குப் போன நேரம் அண்ணை பழம் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குத் தனியப் போய்விட்டார். யூர்கன் தற்செயலாக வேலிக்கு மேலால் பார்த்தார். அண்ணை நிலத்தில் இருந்தாராம். பெருவிரலடியைச் சேர்ட்டால் சுற்றி, நெஞ்சோடு அமத்திப் பிடித்தபடி. சேர்ட் முழுக்கச் சிவப்பு. அம்புலன்ஸ் வந்தது. தையல் போட்டார்கள். அன்று யூர்கன் பார்க்காமல் இருந்திருந்தால் இந்தக் கல்வெட்டு முந்தியே வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்த அண்ணை கதைப்பதை விட்டார். சாப்பாட்டைக் கிண்டி வைத்துவிட்டு எழும்புவார். யன்னலால் பார்த்துக்கொண்டு இருப்பார். மச்சாள் வீட்டுக் கத்திகளையும் ஒளித்தார். வெங்காயம் வெட்டுவதற்கும் பெறாமகள் தாயிடம் கேட்டுத்தான் கத்தி எடுக்க வேண்டும் என்ற நிலை.

நான் யோசித்தேன். வேலையிடத்தில் எலும்பு எடுக்கிற நாங்கள் இடக்கையில் இரும்பு வளையம் பின்னிய கையுறை போடுவோம். மடிக்கும் அதே மாதிரி ஏப்ரன். கத்தி உரசினால் வெட்டாது. மேலாளரிடம் உள்ளதைச் சொல்லிக் கேட்டேன். புதிதாக ஒரு சோடி எடுத்துத் தந்தார்.

அதை மச்சாளின் மேசையில் வைத்தேன்.

"இது என்ன, தம்பி?"

"அண்ணை வாயைக் குடைஞ்சு முடிக்கட்டும்."

"உங்களுக்கு விசரே? டொக்டர் சொன்னது காதில விழேல்லையா?"

"விழுந்தது. அவர் திரும்பியும் களவாப் போவார், மச்சாள். தனியப் போனால் தனியச் செத்துப் போவார். எங்களுக்கு முன்னால செய்தால் நாங்கள் நிக்கிறம்."

"இது போட்டால் வெட்டாதோ?"

"வெட்டாது. குத்தினால் முனை வளையத்துக்குள்ளால போகும்."

பொய் சொல்ல மனம் வரவில்லை. அவர் கையுறையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"ஏதும் நடந்தால் உங்களைத்தான் கேப்பன்."

"ஓம். கேளுங்கோ."

அதன் பிறகு சனிக்கிழமை வரை என்னோடு அவர் கதைக்கவில்லை. சொந்தத்தில் சிலர் போன் எடுத்து, தமையனைக் கொல்லக் கத்தி தீட்டுகிறேன் என்றார்கள். நடந்துவிட்டால் அவர்கள் சொன்னதுதான் சரி.

அந்தச் சனிக்கிழமை வெயில் இல்லை, காற்றும் இல்லை. மச்சாள் சங்கிலியைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தார். வளைந்த கத்தியை அண்ணை விரலால் தடவப் போனார். "தடவாதையுங்கோ!" என்று மூன்று பேர் கத்தினோம்.

"கூர் பாக்க வேண்டாமோ?"

"நான் பாத்திட்டன்" என்றேன்.

கையுறையைப் பூட்டி, மணிக்கட்டில் வாரை இறுக்கினேன். அண்ணை தொடங்கினார்.

பல்லுக்குப் பின்னால் குடைவது என்றால் கத்தியைத் தன் பக்கமாக இழுக்க வேண்டும். இடக்கை வாயின் விளிம்பைப் பிடித்திருக்கும். கத்தி வருகிற வழியில்தான் அந்தக் கை. ஒவ்வொரு இழுவைக்கும் மச்சாளின் தோள் ஒரு தரம் துடித்தது. பெறாமகள் தகப்பனின் முகத்தின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சீவல்கள் சுருண்டு சப்பாத்தில் விழுந்தன.

"அண்ணை, மெதுவா, மெதுவா... கடவுளே, ஆராவது கையைப் பிடியுங்கோவன்" என்று போனில் அக்கா.

"நீ கொஞ்சம் வாயை மூடு."

"நான் இஞ்ச செத்துக்கொண்டிருக்கிறன், வாயை மூடட்டாம். அது ஆரின்ர முகம் அண்ணை? அதையாவது சொல்லுங்கோ."

"உன்ர முகம்தான். அந்த வாய் எண்டபடியால்தான் இவ்வளவு ஆழம்."

யூர்கன் என்னவென்று கேட்டார். பெறாமகள் சொன்னார். அவர் போனைப் பார்த்தார், டிகியைப் பார்த்தார். "ஓம், பொருந்துது" என்றார். அக்கா அழுதுகொண்டே ஏசினார்.

அந்த நேரம்தான் கத்தி ஒரு கணுவில் பட்டுத் துள்ளியது. இரும்பில் இரும்பு உரசுகிற சத்தம். தொழிற்சாலையில் நாள் முழுக்கக் கேட்கிற சத்தம்தான்.

யூர்கன் காருக்கு ஓடிவிட்டார். எஞ்சின் கேட்டது. மச்சாள் துவாயோடு பாய்ந்து அண்ணையின் கையைப் பிடித்தார்.

"கழட்டாதையுங்கோ அம்மா, முதல் அமத்துங்கோ" என்றார் பெறாமகள்.

"பொறுங்கோ" என்றார் அண்ணை. கத்தியைத் தள்ளி நிலத்தில் வைத்தார். வாரை அவிழ்த்தேன். மச்சாள்தான் கையுறையை உருவி எடுத்தார். உள்ளே வெள்ளைத் துணிக் கையுறை. அதையும் எடுத்தார். கையைப் புரட்டிப் பார்த்தார். விரலுக்கு இடையில் பார்த்தார். பெறாமகளும் பார்த்தார்.

ஒன்றும் இல்லை.

"என்ன நடந்தது? ஆராவது சொல்லித் துலையுங்கோ!" அக்கா கத்தினார். பெறாமகள் போனைத் திருப்பிக் கையைக் காட்டினார்.

அண்ணை டிகியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மச்சாளைப் பார்த்தார். "இவ்வளவும் காணும், பூட்டி வையுங்கோ" என்றார். முழு மனதோடுதான் சொன்னார்.

மச்சாள் அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தார். பிறகு துணிக் கையுறையை விரல் விரலாகப் போட்டுவிட்டார். மேலே இரும்பை மாட்டினார். வாரை அவரே இறுக்கினார், நான் இறுக்கியதைவிட ஒரு துளை கூடுதலாக.

"முடியுங்கோ" என்றார். "நான் இஞ்சதான் நிக்கிறன்."

அண்ணை முடித்தார். கணுவைச் சுற்றிப் போனார். வெடிப்பு மேலே ஏறவில்லை. யூர்கன் காஸ் சுவாலையால் கருக்கினார். அண்ணை தூரிகை போட்டார். எண்ணெய் பூசியது மச்சாள். வீட்டுக்குள் விடாத அதே மச்சாள். அன்று இரவு அண்ணை இரண்டாம் தரம் சோறு கேட்டார்.

அடுத்த கிழமை மச்சாள் தொழிற்சாலை வாசலுக்கு வந்து கையுறையைத் திருப்பித் தந்தார். கழுவி, காய வைத்து, துணியில் சுற்றி. "சாப்பிட வாங்கோ, தம்பி" என்றார். போனேன்.

அண்ணை மாரிகாலத்தில் போனார். இருதயம் களைத்து, சுவாசப்பையில் தண்ணீர் நின்றது. வெட்டுக்காயத்தால் இல்லை. இதை இங்கே எழுத வேண்டும் என்று மச்சாள் சொன்னார். கேட்டவர்களுக்குப் பதில் இதுதான். கடைசிக் காலையில் பெறாமகள் தண்ணீர் தொட்டு உதட்டில் வைத்தார். மச்சாள் பக்கத்தில் இருந்தார். நான் கால்மாட்டில் நின்றேன். பெரிய மூச்சு ஒன்று எடுத்தார். அவ்வளவுதான்.

அண்ணையை இரவு பகலாகப் பார்த்த டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும் நன்றி. சமைத்துக் கொண்டு வந்த வீடுகளுக்கும், தூர இடங்களில் இருந்து இரவோடு இரவாக வண்டி ஓட்டி வந்தவர்களுக்கும் நன்றி. கையுறை தந்த என் மேலாளருக்கு நன்றி. யூர்கனுக்கு நன்றி சொன்னால் ஏசுவார், அதனால் இங்கே எழுதிவிட்டேன். வர முடியாமல் போன அக்கா போனில் எங்களோடு நின்றார். அவருக்கும் நன்றி. ஏசினவர்களும் அண்ணையில் உள்ள பயத்தில்தான் ஏசினார்கள். அவர்களுக்கும் நன்றி.

பெட்டியில் வைக்க முதல் உடம்பைத் துடைத்து உடுப்பாட்ட எங்களை விட்டார்கள். பெறாமகள் முகத்தைத் துடைத்தார். நான் கைகளைத் துடைத்தேன். இடக்கையில் தழும்புகள் இருந்தன. எல்லாம் ஆறியவை, அந்தச் சனிக்கிழமைக்கு முந்தியவை. விரலை மடக்கி மடக்கித் தழும்புகளை எண்ணினேன்.

பதினொன்று.