தேவதாஸ் படுத்துப் பார்த்த அறை

கதவை உள்ளேயிருந்து சாத்திக்கொண்டு, வெறும் தரையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார் தேவதாஸ். கை இரண்டும் நெஞ்சின் மேல் இருக்கும். மூச்சு வருகிறதா இல்லையா என்றே தெரியாது. முதல் நாள் டீயோடு கதவைத் திறந்த என் மனைவி சின்னப்பாப்பா, டம்ளரை அப்படியே நிலைப்படியில் வைத்துவிட்டு ஓடி வந்தாள். அந்த ஆள் போய்விட்டார் போலிருக்கிறது என்றாள். நான் போய் எட்டிப் பார்த்தேன். கண்ணைத் திறக்காமலே, கதவைச் சாத்துங்க அண்ணா, காத்து கலையுது என்றார்.

தேவதாஸ் பெயின்டர். வீடு நெல்லித்தோப்பில். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. மற்ற பெயின்டர்களைத் தெருவில் பார்த்தாலே தெரியும், யார் வீட்டுச் சுவரோ முடியிலும் முழங்கையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். இவர் உடம்பில் ஒரு பொட்டுப் பார்க்க முடியாது. சாயங்காலம் வரும்போது ஜவுளிக்கடை முதலாளி மாதிரி வெள்ளைச் சட்டையில் வருவார். நகக்கண்கூட வெளுத்திருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே விரல் முட்டியால் சுவரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். தான் பெயின்ட் அடித்த வீட்டுக்குள் எதையும் வாயில் வைக்க மாட்டார். டீயைக் கொடுத்தால் தெருவுக்கு எடுத்துப் போய்க் குடித்துவிட்டு வருவார்.

அவருக்கு வாசனை தெரியாது. பெயின்டைக் கரைக்கிற தின்னரிலேயே கிடந்து மூக்கு எப்போதோ செத்துவிட்டது. சோறு ஊசிப்போனால் அவர் மனைவி சுமலதாதான் சொல்ல வேண்டும். எனக்கு மல்லியப்பூவும் ஒண்ணுதான், கருவாடும் ஒண்ணுதான் என்பார், சிரிக்காமல்.

அப்படிப்பட்டவர், பெயின்ட் வாசனை போய்விட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் இந்தப் படுக்கை. வாசனை மிச்சமிருக்கிற அறையில் கொஞ்ச நேரம் கிடந்தால் காதுக்குள் கொய்ங் என்று ஒரு சத்தம் வருமாம். நாக்கு நுனி இனிக்குமாம். அப்படி வந்தால், "இருக்கான்" என்பார். வாசனையை 'அது' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. 'அவன்'தான். அவன் நிற்க மாட்டான், தரையோடு தரையாகப் படுத்துக்கொள்வான் என்று சொல்வார். நிற்கிறவர்கள் மூக்குக்கு அகப்படாமல், கீழே கிடக்கிற பிள்ளையைத்தான் அவன் பிடிப்பானாம்.

எங்கள் வீட்டில் பிள்ளை பிறக்கும் முன்பு அதற்கென்று ஒன்றும் செய்து வைக்கிற வழக்கம் இல்லை. தொட்டில் வாங்க மாட்டோம், சட்டை தைக்க மாட்டோம், அறைக்குச் சுண்ணாம்புகூட அடிக்க மாட்டோம். என் மகள் கவிநிலாவுக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் தேவதாஸிடம் ஓடினேன். கால் தரையில் பாவவில்லை எனக்கு. பார்க்கிறவர்களிடமெல்லாம் நான் தாத்தாவாகிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே போனேன். மாதம் முழுசாக ஆகாமல் பிறந்ததால் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். முகம் என் உள்ளங்கையில் அடங்கிவிடும், அவ்வளவுதான் இருந்தது.

மூட்டை முடிச்சு கிடந்த பின்னறையை ஒழித்துக் கொடுத்தேன். மேலே ரோஜா நிறம், இடுப்பளவுக்குக் கீழே பச்சை ஆயில் பெயின்ட். பாப்பா கிறுக்கினால் துடைத்துவிடலாம் என்றார் தேவதாஸ். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பென்சில் பிடிக்கப் போகிற பாப்பாவை நினைத்தோமே தவிர, இப்போதுதான் மூச்சு விடப் பழகிக்கொண்டிருக்கிற பாப்பாவை இரண்டு பேரும் நினைக்கவில்லை.

புகை, தூசி, பெயின்ட் வாசனை எதுவும் ஆகாது என்று, பெயின்ட் அடித்து முடித்த பிறகு, டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மருமகன் மதிவாணனின் அம்மா கடலூரிலிருந்து போன் செய்து, இங்கே அறை இருக்கிறது, நேராக இங்கேயே வரட்டும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் வீட்டில் இருப்பது அந்தப் பின்னறையும், அடுப்பு எரிகிற கூடமும்தான். பின்னறையிலிருந்து வாசனை போகாவிட்டால், தலைப்பிரசவத்துப் பிள்ளை தாய் வீட்டில் ஒரு நாள்கூடத் தங்காமல் கடலூர் போய்விடும்.

தேவதாஸ் விடவில்லை. வேறு இடத்தில் வேலையை முடித்துக்கொண்டு, பொழுது சாயும்போது தினமும் வந்தார். டேபிள் ஃபேனை ஜன்னலைப் பார்த்துத் திருப்பி வைத்தார், அவனை வெளியே தள்ளுவதற்காம். பெரிய மார்க்கெட்டிலிருந்து நான் வாங்கி வந்த அடுப்புக்கரியை மண்சட்டிகளில் மூலைக்கு மூலை வைத்தார். நடுவில் வெங்காயத்தைப் பாதி பாதியாக வெட்டிப் பரப்பினார். அகலமான பாத்திரங்களில் தண்ணீர் வைத்தார். மறுநாள் அந்தத் தண்ணீரை எங்கள் வாசலில் ஊற்ற விட மாட்டார். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, தளும்பாமல் நடந்து, தெருக்கோடிச் சாக்கடையில் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்.

சாம்பிராணி போட்டால் என்ன என்று சின்னப்பாப்பா கேட்டாள். அப்போதுதான் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"வேணாம் அண்ணி. மூடிட்டா அவன் போயிட்டான்னு நாம நெனச்சிக்குவோம். அவன் உள்ளதான் இருப்பான்."

அதற்குப் பிறகு சின்னப்பாப்பா அந்த அறைப் பக்கம் தனியாகப் போகவில்லை.

பகலில் கடற்காற்று அடிக்கும்போது அறை நன்றாகத்தான் இருந்தது. நான் மூலை மூலையாக மோந்து பார்ப்பேன். பக்கத்து வீட்டுப் பரீதாவையும் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்வேன். பேத்தி வந்ததில் இவருக்கு மூக்கு நீண்டுவிட்டது என்று அவள் சின்னப்பாப்பாவிடம் சொல்லிச் சிரிப்பாள். பொழுது சாய்ந்து காற்று நின்றதும் எங்களுக்கே லேசாக அடிக்கிற மாதிரி இருக்கும். தேவதாஸ் படுத்து எழுந்து, இருக்கான் என்பார். பகலில் அவன் எங்கேதான் போகிறான் என்று ஒரு நாள் கேட்டேன். தெரியலியே அண்ணா, நான் வர்றப்பல்லாம் எனக்கு முன்னால வந்து படுத்திருக்கான் என்றார்.

பிள்ளையை அழைத்து வர வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் நல்ல மழை. சாரல் அடித்ததால் ஜன்னலைச் சாத்த வேண்டியதாகிவிட்டது. தேவதாஸ் உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டார். நான் வெளியே நின்றேன். உள்ளே அவர் யாரிடமோ பேசுவது கேட்டது. கெஞ்சுகிற குரல்.

"போயேன்யா. இருந்தது போதும். சின்னக் கொழந்த வருது, போயேன்."

கதவைத் திறந்தேன். மங்கலில் முதலில் ஆளே தெரியவில்லை. தொட்டில் கட்டுகிற கொக்கிக்கு நேர் கீழே, ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி, கட்டை விரலை உள்ளே வைத்துக் கையை மூடிக்கொண்டு கிடந்தார். ஒரு பெரிய ஆள் அவ்வளவு சின்னதாக ஆக முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. பயத்தோடு எனக்குக் கோபமும் வந்தது. இந்த ஒருத்தர் பேச்சுக்காகப் பேத்தியை அனுப்பிவிடுவதா? நானும் அவர் பக்கத்தில் படுத்தேன்.

முதலில் மழைச் சத்தம் மட்டும்தான். பிறகு அந்த மழைக்குள்ளே, கொசு பறக்கிற மாதிரி இன்னொரு சத்தம். அது வெளியே இல்லை, என் காதுக்குள்ளேயே இருந்தது. நாக்கு நுனி இனித்தது. மேலே கொக்கி மெல்ல மெல்ல விலகிப் போய்க்கொண்டிருந்தது. தோளோடு தோளாக யாரோ படுத்திருக்கிற மாதிரி இருந்தது. படுத்திருந்தவர் தேவதாஸ்தான். ஆனால் தேவதாஸ் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுந்து வெளியே வந்து மகளுக்குப் போன் செய்தேன். கடலூருக்கே போய்விடுங்கள் என்றேன். போகிற வழியில் பாப்பாவை உங்களிடம் காட்டிவிட்டுப் போகிறோம் என்றாள் கவிநிலா.

காலையில் மழை தூறலாக இருந்தது. குழந்தையை வாசலில் சின்னப்பாப்பாவிடம் கொடுத்துவிட்டு, கவிநிலா நேராகப் பின்னறைக்குப் போனாள். வயிற்றில் தையலோடு மெதுவாக உட்கார்ந்து, தரைப் பக்கம் முகத்தைக் கொண்டுபோய் நன்றாக இழுத்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் அடிக்கலியேப்பா. வெங்காயந்தான் அடிக்குது."

அந்த நேரம் தேவதாஸ் வந்தார். அதே வெள்ளைச் சட்டை, அதே சுத்தமான கை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்து நின்றார். கவிநிலா சட்டென்று துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இப்போது அடிக்கிறது என்றாள். நான் ஜன்னலைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன். அவள் தேவதாஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

"சித்தப்பா, உங்க மேலதான் அடிக்குது."

அவர் சுவரிடம் சொல்வது போலச் சொன்னார்.

"தெனம் தின்னர் போட்டு ஒடம்பத் தொடச்சிட்டுத்தான் வர்றேன். கொழந்த வர்ற வூடு. சுத்தமா வரணுமில்ல."

கதவிலும் நிலையிலும் உடம்பு படாமல் ஒடுங்கிக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து வெளியே போனார். நான் பின்னாலேயே போனேன். சின்னப்பாப்பா குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு, அவரை விட்டு எட்ட விலகி, எங்களைத் தாண்டி உள்ளே போனாள். பின்னறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

தெருவில் தூறலில் நின்று தேவதாஸ் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார். கையைத் தன் மூக்கோடு ஒட்டி வைத்து, கண்ணை மூடி, இழுத்து மூச்சு விட்டார். மறுபடியும் இழுத்தார். பிறகு அந்தக் கையை என் மூக்குக்கு நேராக நீட்டி, இமைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.