விட்டுப்போன சுழி

1. முதல் நாள் பாடம்

கரண்ட் ஆபீசில் கமர்ஷியல் அசிஸ்டென்டாக நான் சேர்ந்தது 1995-இல். அரியலூர் பக்கம் ஒரு சிறிய ஊரில் பிரிவு அலுவலகம். முதல் நாளே எனக்கு வேலை பழக்கிய சீனியர், பச்சை அட்டை போட்ட ஒரு பதிவேட்டை எடுத்துக் காட்டினார். கிணற்று மோட்டாருக்கு மின் இணைப்புக் கேட்டு மனுக் கொடுத்த விவசாயிகளின் பெயர்கள் வரிசைப்படி அதில் இருந்தன. சீனியாரிட்டி ரிஜிஸ்டர் என்போம்.

திருமானூர்க்காரர்களுக்குக் கொள்ளிடத் தண்ணீர் உண்டு. எங்கள் பக்கத்தில் கிணறு இறைத்தால்தான் கடலை. மனுக்கள் குவியும், இணைப்புகள் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பெயர் பதிந்தவர் பல வருஷம் காத்திருப்பது சாதாரணம்.

"எதை வேணா காட்டு தம்பி. இந்த நோட்டு மட்டும் கவுண்டரைத் தாண்டக்கூடாது. ஒருத்தனுக்குக் காட்டுனா ஊரே வந்து நிக்கும்" என்றார் சீனியர்.

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். மடியில் என்ன இருக்கிறதென்று நாங்கள் பார்த்ததே இல்லை. பயத்தை மட்டும் ஒருவர் மாற்றி ஒருவர் கைமாற்றிக்கொண்டு வந்தோம்.

2. தலைச்சுழி

கலியபெருமாள் அறுவடைக்கு ஒரு தரம், ஆடிக்கு ஒரு தரம் என்று வருவார். ஒன்றரை ஏக்கர், ஒரு கிணறு. வாடகை ஆயில் எஞ்சின் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார். டீசல் விலை ஏறினால் அந்தப் போகம் அரைக்காட்டோடு நின்றுவிடும். மோட்டார் ஓடினால்தான் பிழைப்பு என்று ஒவ்வொரு தரமும் சொல்வார்.

எங்கள் பக்கம் கலியபெருமாள் என்ற பெயருக்குப் பஞ்சமே இல்லை. அவர் ஊரிலேயே இரண்டு பேர். இவர் மூக்கன் மகன், மூ. கலியபெருமாள். இன்னொருவர் முத்துசாமி மகன், மு. கலியபெருமாள். அவருக்கு எப்போதோ இணைப்புக் கிடைத்து மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"நம்ம நம்பரு எங்க நிக்குதுன்னு ஒரு தரம் கண்ணுல காட்டுங்க சார்" என்று மூக்கன் மகன் கேட்பார். அதெல்லாம் காட்டக்கூடாது, முறை வந்தால் நோட்டீஸ் வரும் என்று அனுப்பிவிடுவேன். ரிஜிஸ்டரைத் திறக்காமலே பதில் சொல்லும் அளவுக்கு நான் தேறியிருந்தேன். அவரும் கோபப்பட மாட்டார். "எல்லாம் என் தலைச்சுழி" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

3. முத்து முத்தான கையெழுத்து

ஒரு மழைக்காலத்தில் பழைய ரிஜிஸ்டரைக் கரையான் அரித்தது. புதிதாக ஒன்று போட வேண்டும். ஆபீசிலேயே அழகான கையெழுத்து என்னுடையது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் மிதப்பு உண்டு. மூன்றே நாளில் முழுவதையும் படியெடுத்தேன். கரையான் தின்றது போக மிச்சம் பழைய பேப்பர்காரனுக்குப் போனது.

அதற்குச் சில மாதம் முன்பு, சென்னையில் புதிதாக வந்திருந்த மின்சார ஒழுங்குமுறை ஆணையம், காத்திருப்போர் பட்டியலைக் கேட்டிருந்தது. பழைய ரிஜிஸ்டரைப் பார்த்து ஒரு நகல் டைப் செய்து அனுப்பியிருந்தோம். அனுப்பியதோடு மறந்தும் போனோம்.

4. ஜெராக்ஸ் கடைப் பெண்

கலியபெருமாளின் மகள் தனலெட்சுமி அரியலூர் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க ஊரார் மனுக்களை நகல் எடுப்பவளுக்கு எந்த மனுவை எங்கே கொடுப்பதென்று தெரியாமல் போகுமா? தகவல் உரிமைச் சட்டம் வந்த மறு வருஷம், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எங்களிடம் ஒரு மனுப் போட்டாள். அப்பாவின் பதிவு எந்த நிலையில் இருக்கிறது, ரிஜிஸ்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

அன்றுதான் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அவர் பதிவு எண்ணுக்கு நேரே சிவப்பு மையில் 'ரத்து' என்று இருந்தது. முறை வந்து, தொண்ணூறு நாளுக்குள் பதில் தரச் சொல்லி நோட்டீஸ் போய், பதில் வராததால் ரத்து. நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்த நாலு வருஷமும் இன்னும் வரவில்லை என்று நான் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆபீசுக்குத் தலைவரான உதவிப் பொறியாளர், ஏ.இ., கலங்கவில்லை. நோட்டீசைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தான தபால் அட்டை ஃபைலில் இருந்தது. ரத்து முறையானது, பதிவேடு அலுவலக உபயோகத்துக்கு மட்டுமே என்று பதில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

அவள் அதோடு விடவில்லை. நாங்கள் தராவிட்டாலும் நாங்கள் மேலே அனுப்பிய காகிதம் மேலே இருக்கும் என்று யோசித்து, ஆணையத்துக்கே எழுதிவிட்டாள். கவுண்டரைத் தாண்டக் கூடாதென்று நாங்கள் காத்த பட்டியல், சென்னையில் கேட்டவருக்குக் கிடைக்கும்படி இருந்தது. நகல் அவள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

5. கவுண்டருக்கு வெளியே

அப்பாவும் மகளும் ஒரு திங்கட்கிழமை வந்தார்கள். அவள் நகலை விரித்து ஒரு வரியின் கீழ் விரல் வைத்தாள். மூ. கலியபெருமாள். நான் என் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். அதே எண். மு. கலியபெருமாள். சுழியைக் காணோம்.

தபால் அட்டையை எடுத்துப் பார்த்தேன். அதில் கையெழுத்துப் போட்டிருந்தவர் முத்துசாமி மகன். ஏற்கெனவே மோட்டார் ஓடுகிறவருக்கு நோட்டீஸ் எதற்கு? வாங்கிக் கூரை எரவாணத்தில் செருகியிருப்பார்.

உள்ளே போய் ஏ.இ.யிடம் சொன்னேன்.

"பழைய ரிஜிஸ்டர்தான் இல்லையே. டைப்புல தப்பா, நோட்டுல தப்பான்னு யாருக்குங்க தெரியும்? தெரியலைன்னு எழுதிருங்க. உங்களுக்குத்தான் நல்லது" என்றார்.

எனக்கு நல்லதுதான். பிரமோஷன் லிஸ்டில் என் பெயர் இருந்த நேரம். வெளியே பெஞ்சில் கலியபெருமாள் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு கவுண்டரைத் தாண்டி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மகளைத்தான் படிக்கச் சொன்னேன். அதற்குள் அவரே குனிந்து பார்த்துவிட்டார்.

"இது நான் இல்லைங்களே சார்."

உங்களுக்குப் படிக்கத் தெரியுமா என்று கேட்டேன்.

"படிக்கல்லாம் தெரியாதுங்க. கையெழுத்து மட்டும் போடுவேன். இந்த மூவன்னாவைக் கத்துக்கத்தான் ரொம்ப நாளாச்சு, கீழ சுழிக்க வராது. அதனால எங்க பார்த்தாலும் தெரியும்." ரிஜிஸ்டரை மூடி என் கையில் கொடுத்தார். "அன்னைக்கே ஒரு தரம் காட்டியிருந்தீங்கன்னா நானே சொல்லியிருப்பேன் சார், இது எங்கப்பன் பேரு இல்லைன்னு."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

6. நாலு பெயர்

தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். மெமோ வந்தது, பிரமோஷன் தள்ளிப்போனது. ஏ.இ. முகம் கொடுத்துப் பேச ஒரு மாதம் ஆயிற்று. ஆனால் பழைய வரிசையிலேயே கலியபெருமாளின் பதிவை உயிர்ப்பிக்கும் கடிதத்தில் ஏ.இ.தான் கையெழுத்துப் போட்டார். மறு வருஷம் மூ. கலியபெருமாளின் கிணற்றில் மோட்டார் ஓடியது. ஆயில் எஞ்சினுக்குப் போன நாலு வருஷத்தை யாரும் திருப்பித் தரவில்லை, தரவும் முடியாது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதல் எழுத்தோடு நிறுத்தாமல் அப்பா பெயரை முழுதாக எழுதுங்கள். எழுதியதை அவருக்கே காட்டுங்கள். அவர் பெயரை அவரைவிட நன்றாகச் சரிபார்க்க நம் ஆபீசில் ஆள் கிடையாது.

கலியபெருமாள் விஷயத்துக்குப் பிறகு பட்டியலை நகலெடுத்து வாசல் நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். சீனியர் பயந்தபடியே ஊரே வந்து நின்றது. தங்கள் பெயரைத் தேடினார்கள், பார்த்தார்கள், போய்விட்டார்கள். அந்த வாரத்தில் நாலு பேர் மட்டும் உள்ளே வந்து, பெயர் தப்பாக இருக்கிறது என்றார்கள்.

நாலும் என் முத்து முத்தான கையெழுத்து.