இரண்டு ஜோடி, ஒரே பெட்டி

என் மகன் இரண்டு ஜோடிக் கினிப்பன்றிகளையும் ஒரே கூட்டில் விட்டிருந்தான். சற்று நேரத்தில் நறநறவென்று பல் அரைபடும் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை குடும்பம் சீமைக்குக் கிளம்பியபோது, அவர்கள் பிள்ளைகள் வளர்த்த இரண்டு ஜோடிகள் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லயத்துக்கு வந்தன. ஜோடிக்கு ஒன்றாக இரண்டு தேயிலைப் பெட்டிகளில் அவற்றை வைத்திருந்தோம். ஒரு மழைநாளில், குளிருக்கு இதமாக இருக்கட்டுமே என்று நான்கையும் ஒரே பெட்டியில் விட்டேன். ஆண் இரண்டும் முடியைச் சிலிர்த்துக்கொண்டு, ஒன்றையொன்று சுற்றிச் சுற்றிப் பல்லை அரைத்தன. மலையில் கொழுந்து பறித்துவிட்டு நனைந்து வந்த அம்மா, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து உள்ளே போட்டு ஒன்றை அமுக்கித் தூக்கினாள்.

“ஒரு பொட்டிக்குள்ள ரெண்டு கடுவனையா விடுவ? ஒன்ன ஒன்னு கடிச்சே கொன்னுபுடும் புள்ள.”

அன்று சாயங்காலம் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒரு புருசன் பெண்சாதியைக் கூட்டிவந்தார்.

“காம்பரா பத்தல. இனிமே இவுங்களும் ஒங்ககூடத்தான் இருப்பாங்க.”

எங்களுக்கு இருந்ததே ஒரு காம்பரா, ஒற்றை அறை. அவர் போனபிறகு அப்பாவும் வந்தவரும் அடுப்புக்கு இருபுறமும் நின்றார்கள். மறுபடி அந்த நறநறச் சத்தம். ஓடிப்போய்ப் பெட்டிகளைப் பார்த்தேன். நான்கும் அமைதியாகப் புல் தின்றுகொண்டிருந்தன. திரும்பினால், அப்பாவின் தாடை அசைந்துகொண்டிருந்தது.

அம்மா சுவரில் மாட்டியிருந்த, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை மெல்ல எடுத்து, சேலைக்குள் மறைத்து, விறகுக்கு அடியில் செருகினாள்.

இப்போது நான் எழுந்து, மகனின் கூட்டிலிருந்து ஒரு ஜோடியைத் தூக்கினேன்.

“ஏம்மா பிரிக்கிறீங்க?” என்றான் மகன்.

“நமக்குத்தான் இன்னொரு ரூம் இருக்கே,” என்றேன்.