பால் காய்ச்சாத வீடு

யுத்தம் முடிந்து இலுப்பைக்கடவைக்குத் திரும்பி வந்திருந்த அந்த அக்காவின் பெயரை நான் கேட்கவில்லை. மெலிந்த உருவம். எங்கே நின்றாலும் எதிலாவது உள்ளங்கையை ஊன்றிக்கொண்டுதான் நிற்பார். வீதி போடும் றோலர் போகும்போதெல்லாம் புது வீடு நடுங்குகிறது என்று சொல்லி, பால் காய்ச்சிக் குடிபுகாமல் பக்கத்துத் தகரக் கொட்டிலிலேயே இருந்தார்.

அதிர்வை அளக்க வீதி போடும் கம்பனியார் என்னை லேசர் கருவியோடு அனுப்பியிருந்தார்கள். அதன் சிவப்புப் புள்ளி விழும் இடம் தலைமுடியின் பருமனை விடக் குறைவாக அசைந்தாலும் திரையில் கோடு நெளியும்.

றோலர் போனது. சுவரில் கோடு லேசாக எழும்பி அடங்கியது. வீட்டுக்கு எந்தக் கெடுதலும் வராது. பிறகு புள்ளியைக் கதவில் வைத்தேன். றோலர் தூரப் போன பின்னும் கதவு விடாமல் நடுங்கியது. அக்காவின் கை கதவில் இருந்தது.

"கையை ஒருக்கா எடுங்கோ அக்கா."

எடுத்தார். கோடு நேராகிவிட்டது. அவரும் திரையைப் பார்த்தார்.

"அப்ப நடுங்கினது நான்தானோ தம்பி?"

எனக்குச் சொல்லக் கஷ்டமாக இருந்தது. "ஓம் அக்கா."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நான் நடுங்கினால் நடுங்கட்டும். வீடு நிக்குதெல்லே, அது காணும், வேறென்ன வேணும். நல்ல நாள் ஒண்டும் பாக்கத் தேவையில்லை, இப்பவே பால் காய்ச்சப்போறன். குடிச்சிட்டுத்தான் போகவேணும்."

முதல் தம்ளரை எனக்குத்தான் நீட்டினார். பாலின் மேல் சின்னச் சின்ன வளையங்கள் ஓடின. சட்டென்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வீதியில் றோலர் இல்லை; என் கைக்கு வந்த பிறகும் அவை அடங்கவில்லை.