இருக்குது, ஆனால் விடுகினமில்லை

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் அண்ணாவை அறிமுகம் செய்யத் தேவையில்லை. எங்கள் ஊரான அரிப்பில் யாரிடம் வீடு விசாரித்தாலும், “தண்ணி எஞ்சின் ஐயாவோ?” என்று கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். அந்தப் பட்டப்பெயர் அவருக்கும் தெரியும். ஒருநாளும் கோபித்ததில்லை. அவர் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. நினைவுத் திருப்பலிக்கு முன் நீதான் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னபடியால், அவருடைய ஒரே தங்கையான நான் எழுதுகிறேன். உண்மையைச் சொன்னால், எனக்குக் களைப்பாக இருக்கிறது. அவரோடு வாதாடிய களைப்பே இன்னும் தீரவில்லை.

அண்ணா அரிப்பிலேயே பிறந்து வளர்ந்தார். அப்பா கடலுக்குப் போனவர். அண்ணாவுக்குக் கடலில் அவ்வளவு நாட்டமில்லை. வள்ளத்தின் பின்னால் பூட்டியிருந்த எஞ்சினில்தான் கண் இருந்தது. படிப்பு ஏறவில்லை என்று அம்மா கவலைப்பட்டார். எஞ்சின் திருத்தும் வேலை அவரைக் கைவிடாது என்று அப்பா சொன்னார். இருவர் சொன்னதும் சரியாகவே இருந்தது.

போர்க்காலத்தில் எங்கள் பக்கத்துக்குப் பெற்றோல், பற்றறி, சவர்க்காரம், மருந்து என்று எத்தனையோ சாமான்கள் வரத் தடை. வயதில் மூத்தவர்களுக்கு அந்தக் காலம் மறந்திருக்காது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். மோட்டார் சைக்கிளைச் சொட்டுப் பெற்றோல் காட்டி எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அந்த வேலைக்கு ஊரே அண்ணாவைத் தேடி வந்தது. பின்னாளில் அவருடைய கதைகளைக் கேட்டுச் சிரித்தவர்களில் பலர் அவர் எழுப்பித் தந்த வண்டியில் ஏறிப் போனவர்கள்தான். அதை இங்கே சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

பிறகு இடம்பெயர்ந்து பெரியமடுப் பக்கம் கொட்டில் போட்டிருந்தோம். அங்கேதான் அண்ணாவின் ஒரே மகளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு வயதுப் பிள்ளை. தோளில் தூக்கிக்கொண்டு மருந்து கொடுக்கும் இடத்துக்கு ஓடினார். அங்கே இருந்தவர் நல்ல மனிதர்; கையில் ஒன்றும் இல்லாதவர். “இதுக்கு ஊசி இருக்குது அண்ணை. உலகத்தில இல்லாத மருந்தில்லை. ஆனால் எங்கட பக்கம் விடுகினமில்லை” என்றார். பிள்ளை மறுநாள் போய்விட்டது.

இருக்குது, ஆனால் விடுகினமில்லை. அண்ணா அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டுதான் வள்ளமேறித் தமிழ்நாட்டு முகாமுக்குப் போனார். போர் முடிந்து திரும்பி வந்தபோதும் அதைக் கொண்டே வந்தார்.

முகாமில் இருந்த கடைசிக் காலத்தில் யாரோ கைத்தொலைபேசியில் ஒரு படம் காட்டியிருக்கிறார்கள். வெளிநாட்டில் ஒருவர் தண்ணீரில் கார் ஓட்டினாராம். எண்ணெய்க் கம்பனிகள் அதை விலைக்கு வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்களாம். மற்றவர்கள் பார்த்துவிட்டு மறந்துபோனார்கள். அண்ணாவால் மறக்க முடியவில்லை. மீள்குடியேறி, கிடைத்த வீட்டுக்குக் கூரை போட்ட கையோடு, பின்பக்கம் பழைய எஞ்சின் ஒன்றை வைத்து, அதைத் தண்ணீரில் ஓட்டப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார்.

“இதெல்லாம் பொய் அண்ணா” என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். “பொய்யெண்டால் ஏன் தடுக்கிறாங்கள்? இல்லாத சாமானை ஆரும் தடுப்பினமோ?” என்பார். “தடுக்கிறாங்கள் எண்டு ஆர் சொன்னது?” என்று கேட்டால், “கடையில இருக்கே? இல்லைத்தானே. அப்ப தடைதான்” என்பார். தடையில் வாழ்ந்த மனிதருக்குக் கடையில் இல்லாததெல்லாம் தடைசெய்யப்பட்டதாகவே தெரிந்தது. நிவாரணமாகத் தந்த சூரிய விளக்கு ஒரு மழையோடு பழுதானபோது அவருக்குச் சந்தோஷம். “பாத்தியே, பழுதாகிறதைத்தான் எங்களுக்குத் தருவினம். பழுதாகாதது எங்கேயோ பெட்டிக்குள்ள கிடக்கு.”

ஒருநாள் என்னையும் அண்ணியையும் கூப்பிட்டு, போத்தலில் உப்புத் தண்ணீர், அதற்குள் இரண்டு கம்பி, அதிலிருந்து எஞ்சினுக்கு ஒரு குழாய் என்று காட்டினார். தண்ணீர் குமிழி விட்டது. கயிற்றை இழுத்தார். எஞ்சின் இரண்டு தரம் செருமிவிட்டு நின்றது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. “கேட்டனீங்களே?”

“அது உள்ளுக்குக் கிடந்த மண்ணெண்ணெய் அண்ணா.”

“நீயும் அவங்கட பக்கம்” என்றார். அண்ணி தேத்தண்ணி போடப் போய்விட்டார். அன்று சிரித்தோம். இதில் யாருக்கு என்ன நட்டம், கிழவர் தன்பாட்டில் இருக்கட்டும் என்று நினைத்தோம்.

அண்ணாவின் கால் வீங்கத் தொடங்கிய பிறகு சிரிப்பு நின்றது. நீரிழிவு என்னும் சீனி வருத்தமும் பிரஷரும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கிவிட்டன, தருகிற மருந்துக் குளிசையை ஒழுங்காகப் போட்டால் இன்னும் கனகாலம் சமாளிக்கலாம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். மாதாமாதம் பை நிறையக் குளிசை இலவசமாகத் தந்தார்கள். அண்ணா வாங்கிக்கொண்டு வருவார். போடமாட்டார். அண்ணி உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தால் கையைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போய்விடுவார். கிணற்றடியில் எறிகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

“ஏன் அண்ணா போடுறீங்களில்லை?” என்று கேட்டேன்.

“நல்ல மருந்தெண்டால் இப்பிடிச் சும்மா தருவினமோ தங்கச்சி? நல்லதெண்டால் தடுத்திருப்பாங்கள். உண்மையான மருந்து வேற. அது இருக்குது, விடுகினமில்லை. ஒருநாளைக்கு வெளியில வரும்.”

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. தண்ணி எஞ்சின் வராவிட்டால் யாரும் சாகப் போவதில்லை. இது அவருடைய உயிர். பங்குத்தந்தை வந்து சொன்னார், சொந்தக்காரர் வந்து சொன்னார்கள், நான் பகலிலும் சொன்னேன், படுக்கப் போகும்போதும் சொன்னேன். எல்லோருக்கும் மரியாதையாகத் தலையாட்டினார். வீக்கம் முகத்துக்கு ஏறியது. படுத்தால் மூச்சு முட்டியது.

அவரை எழுப்பியது அண்ணிதான். அண்ணி அதிகம் பேசாதவர். மகளைப் பற்றி முகாமிலும் பேசியதில்லை. அன்று கட்டிலருகில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

“இஞ்சாருங்கோ. அந்த ஊசி அண்டைக்கு வந்திருந்தால், சும்மா தாறாங்கள் எண்டு பிள்ளைக்குப் போடாமல் விட்டிருப்பியளோ?”

அண்ணா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஓடிப்போய் வாங்கியிருப்பியள். காலில விழுந்தும் வாங்கியிருப்பியள். எனக்குப் பிள்ளையும் இல்லை. நீங்களும் இப்பிடிக் கிடந்தால் நான் ஆரைப் பாத்துக்கொண்டிருக்கிறது?”

அண்ணா மெல்ல எழும்பிக் கட்டிலில் இருந்தார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு போகச் சட்டையைக் கேட்டார்.

சிலாவத்துறையிலிருந்து, நாங்கள் ‘நானா’ என்று அழைக்கும் முஸ்லிம் அண்ணர் ஓட்டோ கொண்டு வந்தார். அவரும் எங்களைப் போலவே ஊரை விட்டுப் போய், கனகாலத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர். அண்ணாவின் கதைகளைப் பொறுமையாகக் கேட்கும் மனிதர். “மெக்கானிக், என்ட ஓட்டோ பெற்றோலிலதான் ஓடும். பரவாயில்லையோ?” என்றார். அந்த நிலையிலும் அண்ணா சிரித்தார்.

பெரியாஸ்பத்திரியில் அவரை இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினில் போட்டார்கள். பயப்படுவார் என்று நினைத்தேன். அவரோ தலையைத் திருப்பித் திருப்பி அதையே பார்த்தார். தன்னுடைய இரத்தம் குழாயால் போய்ச் சுற்றி, திரும்பி உடம்புக்குள் வருவதைப் பார்த்தார். பம்ப் எங்கே, வடிகட்டி எங்கே என்று கேட்டார். பக்கத்தில் நின்ற தாதி பொறுமையாக ஒவ்வொன்றாகக் காட்டினார்.

“பிள்ளை, இதை ஏன் இவ்வளவு காலமும் எங்களிட்ட மறைச்சு வைச்சவை?” என்று கேட்டார்.

“ஒருத்தரும் மறைக்கேல்லை ஐயா. இது இஞ்சதான் இருந்தது. நீங்கள்தான் வரேல்லை.”

அண்ணா குழாயை மெல்லத் தொட்டுப் பார்த்தார். வாதத்தில் அவர் விட்டுக்கொடுத்ததை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு வெற்றியாகத் தோன்றவில்லை. இத்தனை வருட வாதத்தில் வென்று என்ன செய்ய?

அதன் பிறகு ஒருமுறையும் தவறாமல் மெஷினுக்குப் போனார். ஆனால் நேரம் கடந்துவிட்டது. சில மாதங்கள் கிடைத்தன. கடைசி நாட்களில் எஞ்சினைப் பற்றிப் பேசவில்லை. மகளின் பெயரைச் சொல்லி அண்ணியோடு பேசிக்கொண்டிருந்தார். ஒரு விடியற்காலை, பங்குத்தந்தையிடம் நோயில்பூசுதல் அருளடையாளம் பெற்றவராக, அண்ணியின் கையைப் பிடித்தபடி அமைதியாகக் கண்மூடினார்.

நினைத்த நேரத்தில் ஓட்டோவை எடுத்து வந்த நானாவுக்கும், தங்கள் உறவைப் போல அண்ணாவைப் பார்த்த வைத்தியர்களுக்கும் அந்தத் தாதிக்கும், செபித்த பங்குத்தந்தைக்கும், பந்தல் போட்டு, சோறு சமைத்து, பெட்டி சுமந்த ஊரவர்க்கும், கடல் கடந்திருந்து குரல் தந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணாவைக் கேலி செய்தவர்களுக்கும் நன்றி சொல்கிறேன். கேட்காமல் யாரும் கேலி செய்ய முடியாது. அவர் பேச்சைக் கேட்டீர்கள்.

இன்னும் ஒன்றையும் எழுதச் சொல்லி அண்ணி கேட்டார். அடக்கம் முடிந்து சில நாட்களின் பின் எஞ்சின் திருத்தும் சாமான் வைத்த அவருடைய ஆயுதப் பெட்டியை ஒதுக்கினோம். அடியில் பெரிய பால்மாத் தகரப் பேணிகள் இருந்தன. திறந்தால் குளிசைகள். கிளினிக்கில் தந்த அத்தனையும், ஈரம் படாமல் பொலித்தீனில் சுற்றி, ஒன்றும் குறையாமல். அவர் எதையும் எறியவில்லை. மருந்தை எறிய மனம் வராத காலத்தில் வாழ்ந்தவர்.

அண்ணி பேணியை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். “ஆருக்கும் ஆபத்துக்கு உதவுமெண்டு சேத்து வைச்சிருக்கிறார்” என்றார்.

அந்த ஆபத்து தனக்குத்தான் வந்திருக்கிறது என்பதை மட்டும் அவருக்கு எங்களால் நேரத்தோடு விளங்கவைக்க முடியவில்லை.