ஒற்றைக் கண்ணில் சுறுமா

நாலு பேர் வாய்க்குப் பயந்து கண்ணையே கொடுக்கப் பார்த்தவள் நான்.

சுனாமியில் கணவரை இழந்து, அலங்காரம் கூடாத இத்தா எனும் துக்கக் காலத்தில் இருந்தேன். கண் பிரஷருக்காக இடது கண்ணில் விட்டுவந்த சொட்டு மருந்தால் அந்த இமைமுடி மட்டும் கறுத்து நீண்டது. இத்தாவிலும் கண்ணுக்குச் சுறுமா மை போடுகிறாள் என்று அயல் பெண்கள் கதைத்தார்கள். வெட்கத்தில் மருந்தை நிறுத்தினேன். அடுத்த கிளினிக்கில் பிரஷர் ஏறியிருந்தது.

"இமைமுடி மருந்தாலதான் வளருது. நிப்பாட்டினா பார்வை போயிடும்" என்றார் டொக்டர்.

அன்று மஃரிபு தொழுகைக்குப் பின், வீட்டுக்கு வந்திருந்த அந்த அயல் பெண்களின் முன்னாலேயே இடது கண்ணில் மருந்தை விட்டேன்.

"ஒத்தக் கண்ணுக்கு மட்டும் சுறுமா போடுற பொம்புளய எங்கயாச்சும் கண்டிரிக்கீங்களா?"

மகனைப் பறிகொடுத்த என் மாமிதான் முதலில் சிரித்தார். கடல் வந்த பிறகு அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான். அதைக் கண்ட இடது கண்ணால்தான் இன்றும் ஊசியில் நூல் கோர்க்கிறேன்.