எடித் கண்மூடி இருந்த மத்தியானங்கள்

எடித் மண்டபம் அகதி முகாமில் வளர்ந்தவள். அங்கே ஒரு அறையில் நடக்கும் சண்டையும் சிரிப்பும் அடுத்த அறைக்குக் கேட்கும். யுத்தம் முடிந்து இலங்கைக்குத் திரும்பி, அப்பாவின் காணிக்கென்று வெள்ளாங்குளத்துக்கு வந்தபோது பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில்கூட இல்லை. கணவன் பத்திநாதன் காலையிலேயே மேசன் வேலைக்குப் போய்விடுவான். அவளும் தையல் மெஷினும்தான் மிச்சம்.

ஆட்களின் குரல் கேட்கட்டுமென்றுதான் முதலில் போனைப் பக்கத்தில் வைத்தாள். பிறகு ஒரு வீடியோ முடிய இன்னொன்று, அது முடிய இன்னொன்று. சோறு அடிப்பிடித்தது. ஊரிலுள்ள மாக்கிறட், கோயிலில் தன் மகளின் முதல்நன்மைச் சடங்குக்குத் தைத்துத் தரச்சொன்ன வெள்ளை உடுப்பு, சடங்குக்கு முதல்நாள் வரையும் கை பூட்டாமல் கிடந்தது. மாக்கிறட் அப்படியே துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அன்று எடித் பேஸ்புக்கை அழித்தாள். பின்னேரமே திரும்பப் போட்டாள். பத்திநாதன் போனை ஒளித்துவைத்தபோது, இவ்வளவு காலமும் பேசாத வார்த்தைகளை அவனிடம் பேசினாள். அது அவளுக்கே பயமாக இருந்தது.

மன்னாரில் நசீறா என்ற உளவளத்துணையாளர் இப்படியான பழக்கங்களுக்கு அறிதுயில் சிகிச்சை, அதாவது ஹிப்னாடிசம், செய்வதாகக் கேள்விப்பட்டாள்.

"வசியம் செய்யிற இடத்துக்கே போகப்போறீர்?" என்றான் பத்திநாதன்.

"எனக்கும் பயம்தான். நீங்களும் வாங்கோ."

நசீறா அவளைச் சாய்வுக் கதிரையில் இருத்தினார். "நான் உங்களை நித்திரையாக்கப் போறேல்லை. வேண்டாமெண்டா எந்த நேரமும் கண்ணைத் திறக்கலாம்."

குரல் மெல்ல மெல்ல இறங்கியது. வெளியே பஸ் கோர்ன் அடிப்பதும் எடித்துக்குக் கேட்டது. ஆனால் உடம்பு ஈரச்சாக்குப் போலக் கனத்துக் கிடந்தது.

"கை போனுக்குப் போகுது எண்டு நினையுங்கோ," என்றார் நசீறா. " மறிக்காதேங்கோ. போறதுக்கு முன்னம் உங்களுக்குள்ள என்ன நடக்குது எண்டு மட்டும் பாருங்கோ."

"மெஷின் நிண்டிட்டுது," என்றாள் எடித், கண்ணைத் திறக்காமலே. "ஒரு சத்தமும் இல்லை. தொண்டை அடைக்குது."

கண்ணீர் காதுவரை வழிந்தது. நசீறா அவசரப்படவில்லை. தொண்டை அடைக்கும்போது பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து அழுத்தி, மூச்சை நீளமாக விடப் பழக்கினார். அந்த மூச்சோடு அடைப்பு இளகுவதாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். வீட்டிலும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எடித் கண்ணை மூடி அதையே செய்து பார்த்தாள்.

நத்தார்ப் பண்டிகை நாட்களில் ஒரு பகல் முழுக்கப் போனோடு போய்விட்டது. அடுத்தமுறை போனபோது நசீறாவிடம் ஒளிக்காமல் சொன்னாள்.

"வந்து சொன்னீங்கள்தானே, அது காணும்," என்றார் நசீறா. "ஆக்களின்ர சத்தம் இல்லாததாலதான் தொண்டை அடைக்குது எண்டு உங்களுக்கு இப்ப தெரியும். அதுக்கு என்ன செய்யப் போறீங்கள்?"

எடித் அதை யோசித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாள். அடுத்த கிழமை பத்திநாதனைக் கொண்டு மெஷினைச் சந்தியிலிருந்த வெறும் கடையறைக்கு ஏற்றினாள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாய்மார் அங்கே நிழலுக்கு ஒதுங்குவார்கள்.

போனை அவள் விட்டுவிடவில்லை. இப்போதும் பின்னேரத்தில், முகாமில் கூடப் படித்த இராசேஸ்வரியோடு கதைப்பாள். கதை முடிந்தால் அலுமாரியில் வைத்துவிட்டுக் சமைக்கக் குசினிக்குப் போய்விடுவாள். சில நாள் கை இன்னும் தேடுகிறது என்கிறாள். தேடட்டும், பிறகு விட்டிடும் என்றும் சொல்கிறாள்.